ஒக்குலுடென்டாவிசு

ஒக்குலுடென்டாவிசு என்பது ஏறத்தாழ 99 மில்லியன் (9.9 கோடி) ஆண்டுகளுக்கு முன்னர், கிரீத்தேசியக் காலத்தின் நடுப்பகுதியில் வாழ்ந்து அற்றுப்போன பல்லிப் பேரினம் ஒன்றாகும். இதன் தொல்லுயிர் எச்சங்கள் மியன்மார் நாட்டின் வடபகுதியிலுள்ள கச்சின் மாநிலத்தில் கிடைக்கும் அம்பரினுள் பாதுகாக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டன. ஒக்குலுடென்டாவிசு கவுங்ரே, ஒக்குலுடென்டாவிசு நாகா என்னும் இரண்டு இனங்கள் இப்பேரினத்தில் விவரிக்கப்பட்டுள்ளன.

இவ்விலங்கு முதன்முதலாக 2020 ஆம் ஆண்டில் உலகிலேயே மிகச்சிறிய தொன்மாவாகவும் (டைனோசர்) தொல்பறவையாகவும் அறிவிக்கப்பட்டது. அதன்பின் மண்டையோட்டு எலும்புகள் ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராயப்பட்டபோது அது பறவையே அன்று, பல்லி என்பது தெளிவாயிற்று. முதல் ஆய்வறிக்கை வெளிவந்து நான்கரை மாதங்களுக்குள் திரும்பப் பெறப்பட்டது. ஒரு மண்டையோட்டின் ஒட்டுமொத்த வடிவத்தைக் கொண்டு விலங்கினை இனங்காண்பதற்கும், எலும்புகளையும் அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தையும் கொண்டு இனங்காண்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இது நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

பெயர்

இலத்தீன் மொழியில் 'ஒக்குலுசு' என்பது கண்ணையும், 'டென்டெசு' என்பது பற்களையும், 'ஆவிசு' என்பது பறவையையும் குறிக்கும். எனவே இப்பெயரைக் 'கண்-பல்-பறவை' எனப் பொருள்கொள்ளலாம். மண்டையோட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் கண்குழிகளும், கண்ணுக்குக் கீழ் வரையில் நீளும் பல்வரிசையும் இப்பெயருக்குக் காரணமாயின. 'கவுங்ரே' என்னும் இனப்பெயர் முதல் மாதிரியை அருங்காட்சியகத்துக்கு அளித்த கவுங் ரா என்பவரின் பெயரால் இடப்பட்டது. 'நாகா' என்பது அம்பர் கிடைக்கும் பகுதியில் வாழும் நாகர் மக்களைக் குறிக்கின்றது.

பல்லி என்று உறுதியான பின்னரும் பெயரில் 'பறவை' நீடிக்கின்றது. இதற்கான காரணம் கீழே தரப்பட்டுள்ளது.

கிடைத்த இடம்

கச்சின் மாநிலத்தின் ஹுக்காங் பள்ளத்தாக்கு, மரப்பிசின் இறுகி உருவான அம்பருக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள படிவுகளின் காலம், அவற்றில் கலந்துள்ள சிர்க்கான் படிகங்களின் கதிரியக்க அளவீட்டின் மூலம் ஏறத்தாழ 99 மில்லியன் ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது. பூச்சிகள், சிலந்திகள், செடிப்பகுதிகள் மட்டுமன்றித் தவளைகள், பல்லிகள், பறவைச் சிறகுகள் ஆகியனவும் இந்த அம்பரில் கிடைத்துள்ளன. இறகுகளுடன் கூடிய சிறு தொன்மா ஒன்றின் வால் துண்டு 2016 ஆம் ஆண்டில் இங்கிருந்து விவரிக்கப்பட்டது. இத்தகைய பின்னணியில், அம்பருக்குள் அலகு போல நீண்ட முகமுடைய மண்டையோடு ஒன்று காணப்பட்டபோது பறவை என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

பாறைப் படிவுகளில் பல்லிகளின் மண்டையோடு முழுமையாகக் கிடைப்பது அரிது. பல்லியின் மண்டையோட்டு எலும்புகள் மெல்லியன. பல எலும்புகள் தளர்வாகவே இணைந்திருப்பதால் இறந்தபின் எளிதிற் சிதறிவிடுகின்றன. பெரும்பாலான அற்றுப்போன பல்லி இனங்கள் ஒரு தாடைத் துண்டையோ சில பற்களையோ கொண்டே பெயர்பெற்றுள்ளன. அம்பர் இதற்கு விலக்காகும். ஆனால் அம்பரினுள் உள்ள எலும்பைத் தொட்டுப் பார்க்கவோ வெளியில் எடுக்கவோ இயலாது. ஊடுகதிர்க் கணித்த வருடி மூலம் நுண்ணிய குறுக்குவெட்டுப் படங்களை எடுத்து, கணினியில் ஒவ்வோர் எலும்பையும் வேறு வேறு நிறமிட்டுப் பிரித்தே ஆராய வேண்டும். எலும்பின் விளிம்பு எங்கே முடிகின்றது, அடுத்தது எங்கே தொடங்குகின்றது என்பதை முடிவுசெய்வது ஆய்வாளரின் கண்ணும் அனுபவமுமே.

2020 ஆம் ஆண்டு ஆய்வறிக்கை

லிடா ஷிங், ஜிங்மை ஓ'கானர், லூயிஸ் கியாப்பே உள்ளிட்டோர் எழுதிய ஆய்வறிக்கை 2020 மார்ச் 11 அன்று 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. அவ்விதழின் அட்டையிலும் இம்மண்டையோட்டின் படம் இடம்பெற்றது. மாதிரியில் மண்டையோடு மட்டுமே இருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரல் நகத்தின் நீளமே. உயிருடன் இருக்கும் பறவைகளுள் மிகச்சிறியதான தேனீ ஓசனிச்சிட்டுடன் இது ஒப்பிடப்பட்டது.

நீண்டு கூம்பிச் செல்லும் முகம், குவிந்த மண்டைக்கூரை, பெரிய கண்குழி ஆகிய மூன்றும் சேர்ந்து இம்மண்டையோட்டுக்குப் பறவையின் தோற்றத்தைத் தந்தன. உறவுமுறைப் பகுப்பாய்வில் இது ஆர்க்கியாப்டெரிக்சுக்கு அருகிலுள்ள தொல்பறவைகளிடையே வைக்கப்பட்டது.

பறவைக்குப் பொருந்தாத கூறுகளை முதல் ஆய்வாளர்கள் காணாமல் விட்டுவிடவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். பற்கள் குழிகளில் அமையாமல் தாடை எலும்பின் மேலும் பக்கவாட்டிலும் ஒட்டியிருப்பதையும், விழியைச் சூழ்ந்த சிற்றெலும்புகள் பல்லிகளில் உள்ளவற்றை ஒத்திருப்பதையும் அவர்களே எழுதியுள்ளனர். ஆனால் உடல் மிகச் சிறுத்ததால் ஏற்பட்ட விந்தையான மாற்றங்கள் என அவற்றுக்கு விளக்கம் தரப்பட்டது. அதாவது, சான்று கையில் இருந்தது; அதனைப் படித்த விதமே பிழையாயிற்று.

எழுந்த ஐயங்கள்

ஆய்வறிக்கை வெளிவந்த சில நாட்களிலேயே பல்லிகளையும் பிற ஊர்வனவற்றையும் ஆராய்வோர் ஐயம் எழுப்பினர். பெய்ஜிங்கில் உள்ள முதுகெலும்பித் தொல்லுயிரியல் மற்றும் தொல்மாந்தவியல் நிறுவனத்தைச் சேர்ந்த லி சிஹெங் முதலானோர் அம்மாதத்திலேயே முன்வரைவு ஒன்றை வெளியிட்டு, இது பறவையோ, பறவைகளும் முதலைகளும் தொன்மாக்களும் அடங்கிய ஆர்க்கோசோர் குழுவைச் சேர்ந்ததோ அன்று என வாதிட்டனர். அவர்களது முதன்மையான குறைகூறல் பகுப்பாய்வின் அடிப்படையைப் பற்றியது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட விலங்குகளின் தெரிவு பறவைகளின் பக்கமாகவே சாய்ந்திருந்தது. பல்லிகள் பட்டியலிலேயே இல்லாதபோது, எந்தக் கணக்கீடும் 'இது பல்லி' என்ற விடையைத் தர இயலாது. அம்பரில் இறகின் சுவடு எதுவும் இல்லை என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது.

எலும்புகள் காட்டும் சான்றுகள்

பல்லி, பாம்பு ஆகியவை செதிலுடைய ஊர்வன வரிசையைச் சேர்ந்தவை. ஒரு மண்டையோடு இவ்வரிசையினதா, பறவையினதா என அறிய ஆய்வாளர்கள் நோக்கிய பகுதிகள் பின்வருமாறு.

பற்கள்: பற்கள் தாடையுடன் பொருந்தும் விதம் மூவகைப்படும். முதலைகளிலும் தொன்மாக்களிலும் பல்லுடைய தொல்பறவைகளிலும் ஒவ்வொரு பல்லும் தாடையிலுள்ள தனிக் குழியில் வேரூன்றியிருக்கும். வீட்டுச் சுவரில் காணும் பல்லியில் பற்கள் தாடையின் உட்சுவரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். ஓணானின் பின்பற்களோ தாடையின் விளிம்பின் மேலேயே எலும்போடு எலும்பாக இணைந்துவிடும். ஒக்குலுடென்டாவிசின் பற்களுக்குக் குழிகள் இல்லை; அவை தாடை எலும்புடன் நேரடியாக ஒட்டியுள்ளன. இது ஒன்றே பெரிய எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். மேலும், பல்வரிசை கண்குழியின் கீழ்ப்பகுதி வரையில் செல்வதும் தொல்பறவைகளில் வழக்கமன்று.

கண்ணுக்கு முன்னுள்ள துளை: ஆர்க்கோசோர்களில் நாசித் துளைக்கும் கண்குழிக்கும் இடையே மண்டையோட்டின் பக்கவாட்டில் மற்றொரு துளை காணப்படும். இன்றைய முதலைகளில் இது மூடிவிட்டது எனினும், பறவைகளிலும் தொன்மாக்களிலும் இது பொதுவான கூறாகும். பல்லிகளில் இத்துளை இல்லை. ஒக்குலுடென்டாவிசிலும் இல்லை.

விழி எலும்பு வளையம்: பறவைகள், பல்லிகள் ஆகிய இரண்டிலும் விழியின் வெண்படலத்தினுள் சிறு எலும்புத் தகடுகள் வளையமாக அமைந்துள்ளன. எனவே வளையம் இருப்பது எதையும் நிறுவாது. அதிலுள்ள ஒவ்வொரு தகட்டின் வடிவமே முக்கியமானது. பறவைகளில் இவை ஓரளவு சதுரமான தகடுகள். ஒக்குலுடென்டாவிசிலோ ஒவ்வொன்றும் கரண்டி வடிவில் உள்ளது; இவ்வடிவம் பல்லிகளுக்கு உரியது. வளையத்தின் நடுத்துளை சிறிதாக இருப்பதால் இது பகலில் நடமாடிய விலங்கு எனக் கருதப்பட்டது.

கன்னத்தின் கீழ்ப்பட்டை: பறவைகளில் மேற்றாடையிலிருந்து பின்னோக்கிச் செல்லும் மெல்லிய எலும்புப் பட்டை ஒன்று தாடை மூட்டிலுள்ள சதுரவெலும்பைச் சென்றடைகின்றது. பெரும்பாலான பல்லிகளில் இப்பட்டை அறுந்து, கன்னத்தின் கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கும். ஒக்குலுடென்டாவிசில் அது திறந்துள்ளது. சதுரவெலும்பு அசையக்கூடியதாக இருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. பறவைகளிலும் அது அசையும். அது எதனோடு இணைந்துள்ளது, எதனோடு இணையவில்லை என்பதையே நோக்க வேண்டும்.

பொட்டுச் செதிலெலும்பு: மண்டையோட்டின் பின்புற மூலையில், சதுரவெலும்புக்கு மேலே இருக்கும் இச்சிறிய எலும்பு செதிலுடைய ஊர்வனவற்றில் வளைகோற்பந்து (ஹாக்கி) மட்டையைப் போல ஒரு முனையில் வளைந்திருக்கும். ஒக்குலுடென்டாவிசின் எலும்பும் இவ்வாறே வளைந்துள்ளது. இவ்வரிசைக்கே உரிய அடையாளமாக இது கொள்ளப்படுவதால், பட்டியலில் மிகச் சிறிய எலும்பாக இருந்தும் இதன் சாட்சியம் வலுவானது.

இவற்றுள் எந்த ஒரு கூறையும் தனித்து எடுத்தால் விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியும். முதல் ஆய்வறிக்கை செய்ததும் அதுவே. ஒன்றையொன்று சாராத ஐந்தாறு கூறுகள் ஒரே திசையைச் சுட்டும்போது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கம் கூறுவதைவிட அது பல்லி என்று கொள்வதே எளிய விளக்கமாகும்.

இரண்டாவது மாதிரி

அதே அம்பர்ப் பகுதியிலிருந்து கிடைத்த வேறொரு மாதிரியை மற்றொரு பன்னாட்டுக் குழு ஆராய்ந்தது. இதில் மண்டையோட்டுடன் உடலின் முற்பகுதியும் தோலின் செதில்களும் பாதுகாக்கப்பட்டிருந்தன. தோள் எலும்புகளும் பல்லிக்கு உரியனவாகவே இருந்தன. செதில் மூடிய உடலைக் கண்டபின் பறவை என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. இம்மண்டையோடு முதல் மாதிரியுடன் கொண்டிருந்த ஒற்றுமையால், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை எனக் கண்டனர்.

அர்னாவ் போலெட், எட்வர்ட் ஸ்டான்லி, ஹுவான் டாசா, ஏரன் பாவர், சூசன் எவன்சு உள்ளிட்டோர் எழுதிய ஆய்வறிக்கை 2021 சூன் மாதம் 'கரண்ட் பயாலஜி' இதழில் வெளியாயிற்று. அதில் இரண்டாவது மாதிரிக்கு ஒக்குலுடென்டாவிசு நாகா எனப் பெயரிடப்பட்டது. இதன் முகத்தின் மேற்புறத்தில் நீளவாக்கில் மேடான முகடு ஒன்று உண்டு. தாடையின் கீழ்த் தோல் தளர்ந்து மடிந்துள்ளது. இணையைக் கவரவோ எதிரியை மிரட்டவோ இதனை உப்பிக் காட்டியிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. இன்றைய ஓணான்கள் தொண்டைத் தோலை விரித்துக் காட்டுவதை இதனுடன் ஒப்பிடலாம்.

உருச்சிதைவு

இரண்டு மண்டையோடுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று பறவை போலவும் மற்றொன்று பல்லி போலவும் தோன்றும். இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி உயிர் வாழ்ந்தபோது இருந்ததன்று. அம்பர் இறுகும் காலத்தில் நேர்ந்த நசுங்கலால் வந்தது. கவுங்ரே மாதிரியின் முகம் இருபுறமும் அழுத்தப்பட்டுக் குறுகி, அலகு போன்ற கூம்பாகிவிட்டது. நாகா மாதிரியிலோ மூளைக்கூட்டுப் பகுதி நசுங்கியுள்ளது. ஆகவே ஒன்றில் பறவைத் தோற்றமும் மற்றொன்றில் பல்லித் தோற்றமும் மிகைப்பட்டன.

இதனால் ஒரு சிக்கல் எழுந்தது. வேறுபாடு நசுங்கலால் வந்ததென்றால், இரண்டும் ஒரே இனமாக இருக்கலாமன்றோ? ஆய்வாளர்கள் எலும்புகளைக் கணினியில் தனித்தனியாகப் பிரித்து, இடம்பெயர்ந்தவற்றை மீண்டும் பொருத்தி, சிதைவை நீக்கிய மண்டையோட்டு உருவங்களை அமைத்து அளந்தனர். அவ்வாறு திருத்திய பின்னரும் முகட்டின் அமைப்பு, சில எலும்புகளின் அளவு விகிதம் ஆகியவற்றில் வேறுபாடுகள் எஞ்சின. அதன் அடிப்படையிலேயே அவை இரு இனங்களாகக் கொள்ளப்பட்டன. ஓரினத்துக்கு ஒரு மாதிரியே உள்ள நிலையில், ஆண், பெண் வேறுபாடு போன்றவற்றை முற்றாக விலக்குவது கடினமே.

ஆய்வறிக்கையைத் திரும்பப் பெறலும் பெயரின் நிலையும்

2020 சூலை 22 அன்று முதல் ஆய்வறிக்கை அதன் ஆசிரியர்களாலேயே திரும்பப் பெறப்பட்டது. மாதிரியைப் பற்றிய விவரிப்பு சரியானதே என்றும், அப்போது வெளியிடப்படாதிருந்த மற்றொரு மாதிரி உறவுமுறை பற்றிய தங்கள் கருத்தை ஐயத்துக்கு உள்ளாக்குகின்றது என்றும் அவர்கள் காரணம் தெரிவித்தனர்.

ஆய்வறிக்கை திரும்பப் பெறப்பட்டாலும் அதிலிருந்த விலங்கின் பெயர் மறையவில்லை. விலங்கியற் பெயரிடல் விதிகளின்படி, முறைப்படி வெளியிடப்பட்ட பெயர், அதிலுள்ள அறிவியற் கருத்து பிழையானது என்பதற்காக நீக்கப்படுவதில்லை. எனவே 2021 ஆம் ஆண்டு ஆய்வாளர்களும் அப்பெயரையே கையாண்டனர். இத்தகைய முரண் புதியதன்று. 'அரசப் பல்லி' எனப் பொருள்படும் பாசிலோசோரசு உண்மையில் ஒரு தொல்திமிங்கிலம் ஆகும். அமெரிக்கரான ரிச்சர்ட் ஹார்லன் 1834 இல் அதனை ஊர்வன என்று எண்ணிப் பெயரிட்டார். சில ஆண்டுகளில் ரிச்சர்ட் ஓவன் அது பாலூட்டி எனக் காட்டி வேறு பெயர் முன்மொழிந்தும், பழைய பெயரே நிலைத்துவிட்டது. இங்கு பல்லிக்குப் பறவையின் பெயர். அங்கு திமிங்கிலத்துக்குப் பல்லியின் பெயர்.

வகைப்பாட்டில் இடம்

ஒக்குலுடென்டாவிசு செதிலுடைய ஊர்வன வரிசையைச் சேர்ந்தது என்பதில் இப்போது கருத்துவேறுபாடு இல்லை. ஆனால் அவ்வரிசைக்குள் எந்தக் குடும்பத்துக்கு நெருங்கியது என்பது உறுதியாகவில்லை. பயன்படுத்தும் தரவுத்தொகுதியைப் பொறுத்துப் பகுப்பாய்வு வெவ்வேறு இடங்களைத் தருகின்றது. கூம்பிய நீள்முகமும் குவிந்த மண்டைக்கூரையும் அறியப்பட்ட வேறெந்தப் பல்லிக் குழுவிலும் இவ்வாறு சேர்ந்து காணப்படாமையே இதற்குக் காரணம். பறவைகளோடுள்ள ஒற்றுமை உறவால் வந்ததன்று; தொடர்பற்ற இரு கால்வழிகளில் ஒத்த வடிவம் தனித்தனியே தோன்றும் குவிபரிணாமத்தின் விளைவாகும்.

இந்தியாவிலிருந்து ஓர் ஒப்பீடு

எலும்பைச் சரியாக இனங்கண்டும் முடிவு தவறக்கூடும் என்பதற்குத் திக்கிகுவானியா எஸ்டெசி எடுத்துக்காட்டாகும். மத்தியப் பிரதேசத்தின் டிக்கிப் படிவுகளிலிருந்து கிடைத்த சிறிய கீழ்த்தாடைத் துண்டு ஒன்றைக் கொண்டு, தத்தா, ராய் ஆகியோர் 2006 இல் இதனை விவரித்தனர். தாடை விளிம்பின் மேல் இணைந்த பற்களைக் கொண்டு இது பல்லி எனக் கண்டனர். இதில் பிழையில்லை. படிவுகள் 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முற்பட்ட திராசிக் காலத்தவை ஆதலால், இது உலகின் மிகப் பழைய பல்லியெனக் கருதப்பட்டது. பல்லிகளும் பாம்புகளும் எப்போது கிளைத்தன என்பதை மரபணுக்களைக் கொண்டு கணிப்போர் இதனைக் காலக்குறியாகவும் பயன்படுத்தலாயினர்.

2012 இல் ஹட்சின்சன், ஸ்கின்னர், லீ ஆகியோர் இத்தாடையை ஆராய்ந்து, இது தென்னாசியாவில் இன்றும் வாழும் ஓணான் குடும்பத்துப் பல்லிகளின் தாடையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி உள்ளது எனக் காட்டினர். அவ்வளவு நெடிய காலம் ஒரு தாடை மாறாதிருந்தது என்பதைவிட, மிகப் பிந்தைய காலத்து எலும்பு ஒன்று பழைய மண்ணில் கலந்துவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம் என்பது அவர்களது கருத்து. அம்பரில் இத்தகைய கலப்புக்கு வழியில்லை. ஒக்குலுடென்டாவிசின் காலம் பற்றி ஐயம் எழாததற்கு அதுவே காரணம்.

அம்பர் வணிகமும் அறச் சிக்கலும்

கச்சின் மாநிலத்தில் மியன்மார் இராணுவத்துக்கும் கச்சின் விடுதலைப் படைக்கும் இடையில் நீண்டகாலமாகப் போர் நடந்துவந்துள்ளது. 2017 ஆம் ஆண்டில் அம்பர்ச் சுரங்கங்கள் உள்ள தனாய்ப் பகுதியில் இராணுவம் நடவடிக்கை மேற்கொண்டு, அப்பகுதி மக்களை வெளியேறச் செய்தது. அம்பர் விற்பனையால் வரும் பணம் போருக்குப் பயன்படுகின்றது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மியன்மார் சட்டம் தொல்லுயிர் எச்சங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடைசெய்கின்றது. ஆனால் அம்பர் மணிக்கல்லாகக் கருதப்படுவதால் அது எல்லையைக் கடந்து சீனாவின் யுன்னான் மாகாணச் சந்தைகளுக்குச் சென்றது. 2020 ஏப்ரல் மாதம் முதுகெலும்பித் தொல்லுயிரியற் கழகம், 2017 க்குப் பின் பெறப்பட்ட மியன்மார் அம்பர் மாதிரிகள் பற்றிய ஆய்வுகளை வெளியிடுவதை நிறுத்திவைக்குமாறு ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது.

நாகா மாதிரி இம்மோதலுக்கு முன்னரே முறையான அனுமதியுடன் வாங்கப்பட்டது என அதன் ஆய்வாளர்கள் குறிப்பிட்டுள்ளனர். அது சுவிட்சர்லாந்தின் பெரெட்டி அருங்காட்சியக அறக்கட்டளையின் தொகுப்பைச் சேர்ந்தது. கவுங்ரே மாதிரி யுன்னான் மாகாணத்தின் தெங்சோங் நகரிலுள்ள ஹுபோகே அம்பர் அருங்காட்சியகத்தின் தொகுப்பைச் சேர்ந்ததாக முதல் ஆய்வறிக்கையில் பதிவுசெய்யப்பட்டுள்ளது.